திருப்பிக் கொடுக்க ஏழு நாள்

மூவாயிரத்து நானூற்றைம்பது.
பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் கொண்டு வாங்க,
பில்லு மட்டும் பத்திரம் என்றார்
மத்திய வீதிக் கடை நப்ரீஸ்.

பாரம், ஒரு றாத்தல் பாணைவிடக் கொஞ்சம் குறைவு.
நீளம், என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு.
வயர் இல்லை.
பழைய விசைப்பலகையின் வயரைச்
சங்கத்து எலி மூன்று தரம் கடித்து
மூன்றாம் தரம் வென்றிருந்தது.

திருக்கடலூர் மீனவர் சங்கத்தில்
என் மேசை என்பது
ஐஸ் பெட்டிக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு பலகை.
அதன்மேல் கணினி, ரசீதுக் கட்டு,
செயலாளர் மரியசீலன் குடித்து மறந்த தேத்தண்ணி,
இப்போது புதிதாக
ஒரு சாண் வெற்றிடம்.
அந்த ஒரு சாணுக்காகவே
முதல் நாள் இதன் குறைகளை நான் எண்ணவில்லை.

சத்தம் நல்லம்.
பழையது முறுக்குக் கடிக்கும்.
இது மணலில் தூறல் விழுவது மாதிரி.

எண்களுக்கென்று வலப்பக்கக் கட்டம் கிடையாது.
படகின் பதிவிலக்கம், மண்ணெண்ணெய் லீற்றர்,
சூரை எத்தனை கிலோ, சாளை எத்தனை கிலோ,
எல்லாவற்றையும் மேல் வரிசையில்
கொய்யா பறிப்பதுபோல் எட்டி எட்டி அடிக்கிறேன்.

இரண்டாம் நாள் பின்னேரம்
கும்பளா என்று அடித்தால் திரையில் ஒன்றுமில்லை.
பிறகு
கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கும் சனம்போல்
எழுத்தெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன.
கணினியின் முதுகில் செருகிய நகமளவு துண்டை
முன்பக்கம் மாற்றினேன். ஐஸ் பெட்டிதான் மறித்திருக்கிறது.

நாலாம் நாள்
கரையிலிருந்து மரியசீலன் கத்தக் கத்த
வாசலில் நின்றபடி,
பலகையை இடக்கையில் ஏந்திக்கொண்டு அடித்தேன்.
ஒன்பது வருசத்தில் முதல் தடவை
கடலைப் பார்த்துக்கொண்டு கணக்கு எழுதினேன்.
உள்ளே வந்து பார்த்தால்
ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது.
மரியசீலனுக்கு வயது
இருநூற்றுப் பத்துக் கிலோ.

இதெல்லாம் பொறுக்கலாம்.
புள்ளியைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாமினியில் அடிப்பவர்களுக்குத் தெரியும்,
புள்ளி வலது சுண்டுவிரலின் கீழே இருக்கிறது.
பலகையைச் சுருக்கியவன்
அந்த ஓரத்தைத்தான் ஒடுக்கியிருக்கிறான்.
இங்கிலீசுக்கு அது அரைப்புள்ளி,
வருசத்தில் நாலு தரம் தேவைப்படும்.
எனக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு.

கரண்ட் நிற்கப்போகுது என்ற அவசரத்தில்
ஞானசீலியின் படகுக்கு நட்டஈடு கேட்டு
நான் அடித்து அனுப்பிய கடிதம்
உதவிப பணிபபாளர அவரகளுககு என்று தொடங்கி
எனஜினும வலையும இழநது
கடலில மூழகியது.
புள்ளி இல்லாமல்
மூழ்கவும் முடியாது தமிழில்.

'என்ன நடந்தது, தெளிவில்லை' என்று
சிவப்பு மையில் திரும்பி வந்தது.
ஞானசீலி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் வைத்தாள்,
அந்த ஒரு சாண் வெற்றிடத்தில்.

ஏழாம் நாள் பெட்டியில் போட்டுக் கட்டினேன்.
பஸ் நிலையத்தில் இறங்கி
சில்லறை தேட ஒரு நிமிசம்
பையை வாங்கில் வைத்தேன்.

நிமிர்ந்தால் ஒரு மான்.
இந்த ஊர் மான்கள் புல்லுக்குக் காத்திருப்பதில்லை.
லொத்தர் சீட்டு, பாண் சுற்றிய பேப்பர்,
இன்றைக்கு என் பில்.
நிதானமாக மென்றது.
உடம்பு முழுக்கப் புள்ளி.

மான் திண்டதுக்கு நான் என்ன செய்ய தங்கச்சி
என்றார் நப்ரீஸ். சிரிப்பை அடக்கப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.

திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தேன்.
சுண்டுவிரலை அரை அங்குலம் உள்ளே மடித்து,
நகம் படாமல் நுனியால் குத்தி,
மூழ்கியது.
இன்னொரு தரம்.
மூழ்கியது.
கடிதம் முழுவதையும் முதலிலிருந்து அடித்தேன்,
ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் தொட்டு.

விலைக்குப் பரவாயில்லை.
எண் கட்டம் இருந்திருக்கலாம்.